வண்டின் வயிற்றில் சிவப்பு வெளிச்சம்

மார்கழி, திங்கள். மூட்டம். மழை இல்லை.

இதெல்லாம் வரும் என்று நான் அப்போதே சொன்னேன். சீனாவும் இந்தியாவும் ஒருநாள் உருத்திரபுரத்து வயலில் வந்து முட்டும் என்று. ஒருவரும் கேட்கவில்லை. இன்று பேப்பரில் இரு நாட்டு ட்ரோன் கம்பெனிகளின் போட்டிதான் பெரிய செய்தி. நான் சொன்னது அப்படியே நடக்கிறது.

தங்கச்சியின் மகள் வினோதா மருந்தடிக்கும் ட்ரோன் வைத்திருக்கிறாள். சீனத்து மிசின். இந்தக் காலபோக நெல் விளையும் காலம் முழுவதும் அந்த வீட்டுக்குச் சோறு அதுதான். முதல் நாள் இரைச்சல் கேட்டதும் பாதி ஊர் வரப்போடு படுத்தது. சண்டைக் காலத்தில் மேலே சுற்றிய 'வண்டு' என்ற வேவு விமானத்தின் அதே சத்தம். நான் படுக்கவில்லை. நிமிர்ந்து நின்று பார்த்தேன்.

செவ்வாய்.

சைக்கிள் ரியூப் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை.

தேநீர்க் கடை. இந்தியக் கம்பெனிக்காரர் தங்கள் ட்ரோனைக் காட்டிப் போனார்களாம்.

"அப்ப எங்கட பிள்ளையின்ர மிசின் கூடாதோ?" கடைக்காரத் தம்பிராசா.

"அது படம் பிடிச்சுச் சீனாவுக்கு அனுப்புது. வயித்துக்குக் கீழ சிவப்பு வெளிச்சம் மூண்டுதரம் மின்னும். கண்ணால கண்டனான்" என்றேன்.

"சீனாவில ஆர் பாக்கிறது எண்டும் கண்டனீங்களோ அண்ணை?"

சிரிப்பு. ஆனாலும் எல்லோரும் கேட்டார்கள்.

புதன். தூறல்.

சிவில் உடுப்பில் இருவர், மோட்டார் சைக்கிளில். ட்ரோன் பற்றி விசாரணை. இப்படி வந்தால் என்ன சொல்வது என்பது இங்கே குழந்தைக்கும் பாடம். தம்பிராசா: "தெரியாது." அடுத்த வீட்டார்: "தெரியாது." நான் கதிரை போட்டு இருத்தினேன். சிவப்பு வெளிச்சம் சொன்னேன். இராணுவ முகாம் பக்கம் திரும்பித்தான் மின்னும் என்றும் சொன்னேன். முகாம் அப்போதுதான் வாயில் வந்தது.

"ஐயா, உங்களுக்கு நல்ல கவனிப்பு." எழுதிக்கொண்டார்கள். என்னை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.

வெள்ளி. நல்ல வெயில்.

மிசினைக் கொண்டுபோய்விட்டார்கள். வினோதாவையும் கூட்டிப்போய், பொழுதுபடத்தான் விட்டார்கள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"முகாமைப் படம் பிடிச்சனியோ எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டவை. ஆர் மாமா இவையளுக்குச் சொன்னது?"

"தெரியாது" என்றேன். கடைசியில் எனக்கும் அந்தச் சொல் வந்தது.

சனி.

கத்தரிக்காய்க் குழம்பு. உப்புக் கூடிவிட்டது. மிசின் எந்த நாட்டின் கண் என்று கொழும்பில் பெரிய ஆட்கள் பார்ப்பார்களாம். அதுவரை தரமாட்டார்கள்.

வயலில் பூச்சி. வினோதா முகத்தில் துணி கட்டி, மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்து அடிக்கிறாள். இரைச்சல் இல்லை. ஊர் நிமிர்ந்து நிற்கிறது.

சிவப்பு வெளிச்சம் நான் காணவில்லை. அது பறந்த நேரமெல்லாம் வரப்போடு முகம் குப்புறக் கிடந்தேன்.