மேலுறை இல்லாத உன் புத்தகம்

நேற்று மதியம் பதிப்பகத்திலிருந்து பார்சல் வந்தது. பிரித்ததும் புதுப் பசையின் வாசம். உன் கதைத் தொகுப்பின் இரண்டாம் பதிப்பு. கெட்டி அட்டை, அதன்மேல் கரும்பச்சைத் துணி. தலைப்பைத் துணிக்குள் அமிழும்படி வெள்ளி எழுத்தில் அழுத்தியிருக்கிறார்கள். விரலால் தடவினால் தட்டுப்படுகிறது. படம் இல்லை. மேலே சுற்றிய வழவழத் தாள் இல்லை. உன் பெயர் முதுகில் மட்டும், சின்னதாக. நீ கேட்டது இதைத்தான். போன மழைக்காலத்துக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். காட்ட முடியாததால் எழுதுகிறேன்.

உத்திரமேரூரில் நூலகத்து மேசையில்தான் பழகினோம். நான் பதிப்பகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பவள். நீ நடவு வேலை இல்லாத நாட்களில் காவாந்தண்டலத்திலிருந்து பஸ் ஏறி வருவாய். மேலுறை கிழிந்து காணாமல் போன பழைய புத்தகங்களாகப் பார்த்து எடுப்பாய். ஒருநாள் காரணம் கேட்டேன்.

"மேல சுத்தன பேப்பரு வழுக்கிக்கினே கீதுக்கா, கையில நிக்கல. இத்தப் பாரு, அட்டையே இன்னா அழகா கீது. இதுக்கு எதுக்கு சட்டை?"

அன்று வீட்டுக்குப் போய், பல வருஷமாக என்னிடம் இருந்த ஒரு புத்தகத்தின் மேலுறையைக் கழற்றினேன். உள்ளே செங்காவித் துணியில் ஒரு சிறு கொடி அச்சாகியிருந்தது. அதுவரை அது எனக்குத் தெரியாது.

உன் கதைகளைப் பதிப்பகத்துக்கு அனுப்பியது நான். ஏற்றுக்கொண்டார்கள். "துணி அட்டை போதும்க்கா. என் போட்டோ வேணாம், என்னப் பத்தி ஒண்ணும் வேணாம்" என்றாய். பதிப்பாளரோ, மேலுறையும் படமும் இருந்தால்தான் கடையில் கையில் எடுப்பார்கள் என்று போனில் சொன்னார். உன்னைக் கேட்காமலே சரி என்றேன். நீ வயலில் நின்றபோது செல்போனில் எடுத்த படத்தை அனுப்பினேன். 'நாற்று நடும் கையிலிருந்து ஒரு குரல்' என்று மேலுறையின் மடிப்புக்கு எழுதிக் கொடுத்ததும் நானே.

பிரதிகள் வந்த அன்று உன் வீட்டில் நானும் இருந்தேன். படத்தைப் பார்த்தாய். மடிப்பைப் படித்தாய்.

"இத்த யாரு எழுதனது?"

"நான்தான். விக்கணுமேன்னு பார்த்தேன்."

"நாத்து நடுற பொம்பளன்னு மொதல்லயே சொல்லிட்டா கதைய யாருக்கா படிப்பாங்க? என்னப் பாத்து அய்யோ பாவம்னுட்டுப் பூடுவாங்க."

குரலை உயர்த்தவில்லை. உட்கார்ந்து, எல்லாப் பிரதிகளின் மேலுறையையும் கிழியாமல் ஒவ்வொன்றாகக் கழற்றினாய். உள்ளே வெறும் சாம்பல் நிற அட்டை. மேலுறைதான் மூடிவிடுமே என்று அதற்கு யாரும் மெனக்கெடவில்லை. அதைப் பார்த்தபோதுதான் உன் முகம் மாறியது.

அந்த அறுவடை முடியும்வரை நீ என்னிடம் பேசவில்லை. ஒருமுறை பஸ்ஸில் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். கழற்றிய தாள்களைத் திருப்பிப் போட்டு மகளின் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போட்டிருந்தாய் என்று பிறகு தெரிந்தது. உன் முகம் உள்பக்கம்.

பிறகு ஒரு காலையில் புதுக் கதையோடு நீயே வந்தாய். "தப்பு மட்டும் பாருக்கா. என்னப் பத்தி எழுதாத." டீ குடித்துவிட்டுப் போனாய். அந்தப் பேச்சை அதற்கப்புறம் இருவரும் எடுக்கவில்லை. நான் மன்னிப்பும் கேட்கவில்லை.

நீ போன பிறகு பதிப்பாளர் கூப்பிட்டார். மறுபதிப்புக்குப் புது மேலுறை, பெரிய படம், பெயருக்கு முன்னால் 'மறைந்த' என்ற சொல். இந்த முறை உன் மகளைக் கேட்டேன்.

"அம்மாதான் வேணாம்னு சொல்லிகீதே, அப்பறம் இன்னா?" என்றாள்.

அதை அப்படியே அவரிடம் சொன்னேன். இரண்டு மாதம் இழுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

புதிதாக எழுதுகிறவர்களைப் பற்றிக் குறிப்பு எழுதித் தரச் சொல்லி இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். எழுதுமுன் அவர்களுக்கே போன் செய்கிறேன். உங்களைப் பற்றி என்ன சொல்லலாம், எது வேண்டாம் என்று கேட்கிறேன். சிலர் சந்தோஷமாகப் படமே அனுப்பிவிடுகிறார்கள். சிலர் யோசித்துச் சொல்கிறேன் என்கிறார்கள். காத்திருக்கிறேன். உன் விஷயத்தில் கேட்கக்கூடத் தேவை இருக்கவில்லை. நீயாகவே சொன்னாய். நான்தான் காதில் வாங்கவில்லை.