பார்வதிக்குக் கம்மல் மாட்டியது

ஆனி 10, வியாழன்

விடிந்தும் விடியாத மாதிரி. சாரல். துணி எதுவும் காயவில்லை.

மனைவி பார்வதிக்கு வலது கையில் மாவுக்கட்டு. போன வாரம் ஐந்தருவிப் படியில் பாசி வழுக்கி, எலும்பு முறிந்து, ஆபரேஷன். தென்காசி வீட்டில் எல்லா வேலையும் என் தலையில். காஸ் சிலிண்டர் மாற்றியது நொடியில். அவளுக்குத் தலை வாரியதும் பரவாயில்லை. பிளவுஸ் கொக்கிதான் படுத்தல். என் விரல் தடி, வளையம் கடுகளவு.

"போலீஸ்ல துப்பாக்கியவே கழத்தி மாட்டுன கைதானே?"

"அது பெருசுடி."

சிரித்தாள். அந்தக் கொக்கியும் நழுவியது.

வெள்ளி

ஞாயிறு பண்பொழி மலைக்கோயிலில் செல்வி கல்யாணம். பா.வின் தங்கை மகள், எங்கள் வீட்டில் வளர்ந்தவள். பா. வர மாட்டாளாம். ஆபரேஷனுக்குக் கழற்றிய கம்மல் இன்னும் டப்பாவில்.

"மொட்டைக் காதோட நான் எப்படிப் போவ?"

நான் மாட்டிவிடுகிறேன் என்றேன். நம்பாத பார்வை.

சனி

ஒத்திகை. ஓட்டின் மேல் மழை. திருகாணி மயிரிழை சாய்ந்தாலும் புரி பிடிக்கவில்லை. அவசரப்பட்டால் இன்னும் தாமதம். மூச்சை அடக்கி, மெதுவாக. காது மடலுக்குப் பின்னால் ஒரு மச்சம். இத்தனை வருஷம் அங்கேயே இருந்திருக்கிறது. எவ்வளவு நேரம் நின்றேனோ. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

"தூங்கிட்டீயளா?"

ஞாயிறு

வலது காது முடிந்தது. இடது காது பிடி கொடுக்கவில்லை. வாசலில் ஆட்டோ ஹாரன்.

"அண்ணாச்சி, முகூர்த்தம் போயிரும்!"

அவசரப்பட்டேன். திருகாணி கட்டிலுக்கு அடியில். தேடி எடுத்தேன். மறுபடியும் விழுந்தது. இல்லாமலே போவோமா என்றேன்.

"ஆட்டோவ மறங்க. என் காதை மட்டும் பாருங்க."

பார்த்தேன். புரி பிடித்தது.

மலை ஏறியபோது தாலி கட்டி முடிந்திருந்தது. பா.வின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. செல்வி மாலையோடு ஓடி வந்தாள்.

"பெரியம்மா, உங்களத்தான் தேடிக்கிட்டே இருந்தேன்."

"பெரியப்பாதான் கம்மல் போட்டுவிட்டாவ. நேரமாயிட்டு." பா. சொன்னது ஊருக்கே கேட்டிருக்கும்.

செல்வி அழுதுகொண்டே அவள் காதைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் இருவருக்கும் சிரிப்பு. நான் மலைக்குக் கீழே வயல்களைப் பார்த்தபடி.

திரும்பும் பஸ். ஜன்னல் முழுக்க ஈரப் பச்சை. பா. என் தோளில் சாய்ந்து நல்ல தூக்கம். அசையவில்லை நான்.

"தென்காசி வந்துட்டு அண்ணாச்சி, இறங்கலையா?" கண்டக்டர்.

இன்னும் தள்ளி, கீழப்பாவூருக்கு ரெண்டு டிக்கெட் கொடு தம்பி என்றேன்.