கடைசி ரீல் வராத படம்

புரட்டாசி 12, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. முட்டி வலி பரவாயில்லை. கேழ்வரகுக் கூழ், பச்சை வெங்காயம்.

மருமகள் கலா போனில் மைக் படத்தைக் காட்டிக் கொடுத்தாள். அதை அமுக்கிவிட்டுப் பேசினால் தானே எழுதிக்கொள்ளுமாம். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. எழுதினதை என்னாலேயே படிக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் பேசுகிறேன். வீட்டுப் பேச்சு பேசினால் அதற்குப் புரியாதாம். "ரேடியோவுல பேசற மாதிரி பேசுங்க மாமா" என்றாள். எனக்கா சொல்லித் தர வேண்டும்? பாப்பாரப்பட்டி டூரிங் கொட்டாயில் ஏழு வருஷம் மைக் பிடித்தவன். வெளிநாட்டுப் படம் வந்தால் சனங்களுக்குத் தமிழில் கதை சொல்வது என் வேலை.

கலா ஒரு படத்தைத் தேடித் தருகிறேன் என்றிருக்கிறாள். இத்தாலி தேசத்துக் கொலைப் படம். எந்த வருஷம் பார்த்தீர்கள் என்றாள். எண் தெரியாது. எமர்ஜென்சி போட்ட வருஷம். இரண்டு மழையும் தவறி, நிலக்கடலை பருப்பில்லாமல் பொக்காகப் போன வருஷம். எங்கள் வெள்ளைக் காளை வற்றின கிணற்றில் விழுந்து கால் ஒடிந்த வருஷம். போதுமா என்றேன். போதாதாம், படத்தில் என்ன வருகிறது என்று சொல்ல வேண்டுமாம்.

சொன்னேன். மழை பெய்யும் ஊர். கல் பாவிய தெரு. ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டுகிறவன், முதுகில் மரச்சட்டம், சட்டத்தில் ஆள் உயரக் கண்ணாடி. நத்தை ஓடு மாதிரி சுற்றிக்கொண்டு போகும் மாடிப்படி. சிவப்புக் கோட்டுப் பெண், ஒரு காதில் மட்டும் தோடு. கறுப்புத் தோல் கையுறை. சவரக் கத்தி, இடது கையில். சிரித்த முகமாக ஒரு பூக்கடைக்காரன், எப்போதும் காப்பி ஊற்றிக் கொடுப்பான். ஒரு குழந்தை வார்த்தை இல்லாமல் பாடும். அந்தப் பாட்டு வந்தால் கொலை வரும்.

"நேத்துப் பாத்த மாதிரி சொல்றீங்க. காலைல மாத்தர போட்டீங்களான்னா மட்டும் நெனப்பில்லங்கறீங்க" என்றாள். பிறகு, "கொன்னது யாரு? அத வெச்சுத் தேடலாம்."

அதுதான் தெரியாது.

புரட்டாசி 13, புதன்

மழை இல்லை. வெயிலும் இல்லை. தாடி மழிக்க வேண்டும், சோம்பல்.

அந்த நாளைச் சொல்லி வைக்கிறேன். யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

ஒரே படப்பெட்டி, இரண்டு கொட்டாய். பக்கத்து ஊர்க் கொட்டாயில் முதலில் ஓட்டுவார்கள். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் மாரி சைக்கிளில் வைத்துக்கொண்டு வருவான். பிறகு நாங்கள் ஓட்டுவோம். அந்தப் படம் ஒரே ஒரு நாள். இரண்டு தமிழ்ப் படத்துக்கு நடுவில் சும்மா இருக்க வேண்டாம் என்று மொதலாளி எடுத்தது.

மிஷின் ஓட்டுவது ரத்தினம். நெடு உயரம். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். நானும் அவனும் ஒரே தட்டில் சாப்பிட்டு, மிஷின் ரூமில் ஒரே பாயில் படுப்போம். விளக்குக்குக் கார்பன் குச்சி மாற்றும்போது சுடும் என்று கறுப்புத் தோல் கையுறை போட்டிருப்பான். யாரோ மிலிட்டரிக்காரர் கொடுத்தது. அந்த வட்டாரத்தில் கையுறை போட்ட ஒரே ஆள்.

அன்று சாயங்காலம் ரத்தினத்தைப் பார்க்கப் பெண் வீட்டார் வந்திருந்தார்கள். பெண், அவள் தாய்மாமன், அத்தை. பையன் வேலையைப் பார்த்துவிட்டு, மறுநாள் வெற்றிலை பாக்கு மாற்றுவதாகப் பேச்சு. பெண்கள் பக்கம், மூங்கில் தட்டிக்கு அந்தாண்டை, மணலில் உட்கார்ந்திருந்தார்கள்.

படம் ஆரம்பித்ததும் மழை. மிஷின் ரூமுக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டே மைக்கில் சொன்னேன்: "பாருங்க சனங்களே, நமக்குப் பேயாத மழ பூரா அங்க போயிப் பேயுது!" கொட்டாயே பெருமூச்சு விட்டுச் சிரித்தது.

எல்லா ரீலும் வந்தது. கடைசி ரீல் வரவில்லை. வழியில் மாரியின் டயர் வெடித்துவிட்டது. லைட் போட்டாயிற்று. கூட்டம் விசில்.

"டேய் மைக்கு! கொன்னவன் யாருடா?"

"சொல்லிப்போட்டுப் போடா, தூக்கம் வராது!"

மொதலாளி ஏதாவது சொல் என்று கை காட்டினார். சொன்னேன்: "கொன்னவன எங்கியும் தேடாதீங்க! கறுப்புக் கையுற போட்டுக்கிட்டு, இதோ பின்னாடி ரூமுல நிக்கறான் பாருங்க!"

மொத்தக் கூட்டமும் திரும்பியது. ரத்தினம் நல்லவன். விளையாட்டுக்கு, படம் விழும் ஓட்டை வழியாகக் கையுறைக் கையை நீட்டி ஆட்டினான். அப்படி ஒரு கைதட்டல் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தட்டிக்கு மேலே ஒரு பெண் முகம் சிரித்தது. அப்போதுதான் அவளை முதலில் பார்த்தேன்.

மறுநாள் காலை தாய்மாமன் மொதலாளியிடம் வந்தார். "பையன் மேல ஒரு கொறையும் இல்லீங்க. நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல கொலகாரன்னு காதுல வுழுந்துருச்சு. சகுனம் சரியில்ல. மனசு ஒப்பலீங்க."

ரத்தினம் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. "நல்லா சொன்னடா" என்றான். அவ்வளவுதான். பத்து நாளில் ஊரை விட்டுப் போய்விட்டான். கையுறையை எடுத்துக்கொண்டு போனான். பாதி பாயை விட்டுப் போனான்.

மாரி பாதி வழியிலிருந்து திருப்பிக் கொண்டுபோன கடைசி ரீலை அந்த ஊரிலிருந்தே சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். நான் பார்க்கவே இல்லை.

அந்தப் பெண்தான் சாலம்மா. இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கட்டிக் கொடுத்தார்கள்.

புரட்டாசி 15, வெள்ளி

வெயில். துணி எல்லாம் காய்ந்தது. கடையில் கொத்தமல்லி இல்லை என்று கலா வெறும் ரசம் வைத்தாள்.

படம் கிடைத்துவிட்டது. எந்தத் தேசத்து ஆளோ, பழைய கொலைப் படமாகச் சேர்த்து வைக்கிறவனாம். கலா நெட்டில் எழுதிப் போட்டதைப் படித்துவிட்டு, இந்தக் கிழவர் சொல்வதில் ஒரு காட்சிகூடத் தப்பில்லை என்று பதில் போட்டிருக்கிறான். அவன் நன்றாக இருக்கட்டும். நாளைக்கு டிவியில் போடுகிறாளாம். மனசு நிலைகொள்ளவில்லை. இரண்டு தரம் டீ.

சாலம்மா போய் மூன்று வருஷம். பங்குனியில் போனாள். படுத்த படுக்கையாக இருந்தபோது ஒரு மத்தியானம் கேட்டாள்: "ஏனுங்க, அந்தக் கொட்டாய்ப் படத்துல கொன்னது யாருங்க?"

"தெரியல சாலா."

"நீங்கதான அன்னிக்கு ஒருத்தரக் காட்டுனீங்க."

சிரித்தாளா, குத்திக் காட்டினாளா, தெரியாது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் ரத்தினம் பேச்சை அவள் எடுத்தது இரண்டே தரம். இது இரண்டாவது.

முதல் தரம், பையன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போன நாள். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து பஸ் நின்றுவிட்டது. ரோட்டோரம் பஞ்சர் கடை. நெடு உயரமாக ஒருத்தன் குனிந்து டயரைப் புரட்டுகிறான். கையில் கறுப்புக் கையுறை. சாலம்மா ஜன்னலோரம்.

"அந்தாளு கையுற போட்டிருக்கார், பாருங்க."

"யாரு?" என்றேன்.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வெளியே பார்த்தாள். அரை மணி நேரம் பஸ் நின்றது. பத்தடி தூரம். நான் இறங்கவில்லை. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பான்.

புரட்டாசி 16, சனி

பெருமாளுக்குத் தளிகை. வடை. மதியம் படம்.

"புரட்டாசி சனிக்கெழமன்னு முட்டையத் தொட மாட்டேங்கறீங்க, ரத்தத்த மட்டும் கண்ணெடுக்காமப் பாக்கறீங்க" என்றாள் கலா.

"அது பெயிண்ட்டும்மா."

என்ன பெயிண்ட்! மிளகாய்ப் பழம் காயப்போட்ட களம் மாதிரி சிவப்பு. கொட்டாயில் பார்த்தது கோடு விழுந்த படம், மழை எது கீறல் எது என்று தெரியாது. இது துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. கையுறை விரலை மடக்கும்போது தோல் முனகும் சத்தம் இன்றைக்குத்தான் கேட்டேன். அன்று என் வாய் ஓயவில்லை, எங்கே கேட்பது.

எடுத்தவன் கெட்டிக்காரன். கத்தியைக் காட்ட வேண்டிய இடத்தில் தோட்டைக் காட்டுகிறான். தோடு ஆடுகிறது, ஆடுகிறது, நின்றுபோகிறது. நமக்கு உயிர் போய்விடுகிறது. மாடிப்படியை மேலிருந்து காட்டுகிறான், அந்தப் பெண் இறங்க இறங்க விளக்கு ஒவ்வொன்றாக அணைகிறது. கலா முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு, "முடிஞ்சுதா, முடிஞ்சுதா?" முடிந்துவிட்டது என்று ஏமாற்றி ஒரு கொலையைப் பார்க்க வைத்தேன். தோளில் அடித்தாள்.

பழைய வழக்கம், ரீல் மாறும் இடம் எல்லாம் எனக்குத் தெரிந்தது. இதோ இங்கே லைட் போடுவான், இங்கே முறுக்கு வரும். கடைசி ரீல் வந்ததும் டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

கதை இதுதான். கண்ணாடிக்காரன் கொலையை நேராகப் பார்க்கவில்லை. அவன் இறக்கி வைத்த கண்ணாடியில் விழுந்த பிம்பத்தைத்தான் பார்த்தான். இடது கையில் கத்தி என்று போலீசில் சொன்னது அதனால். ஊர் பூரா இடது கைக்காரனைத் தேடுகிறது. அவனோடு கூடவே அலைந்து தேடுகிறவன் பூக்கடைக்காரன். மழையில் குடை பிடிக்கிறான், காப்பி ஊற்றிக் கொடுக்கிறான். கடைசியில் ஒரு நாள் கண்ணாடிக்காரன் கடை வாசலில் கண்ணாடியை இறக்கி வைக்கிறான். பின்னால் பூக்கடைக்காரன் பூங்கொத்தின் நாரை அறுக்கிறான். வலது கை. கண்ணாடியில் பார்த்தால் இடது கை. அப்படியே அன்று பார்த்தது.

சண்டை இல்லை, ஓட்டம் இல்லை. பூக்கடைக்காரன் கத்தியை வைத்துவிட்டுக் காப்பிக் கோப்பையை எடுத்து நீட்டுகிறான். கண்ணாடி கை நழுவி உடைகிறது. குழந்தைப் பாட்டு பாதியில் நிற்கிறது. படம் முடிந்தது.

"சே, அந்தாளா! காப்பி குடுத்தவன், மாமா!"

"பூக்கடைக்காரன்" என்றேன். கலாவிடம் இல்லை. சாலம்மா படுத்திருந்த கட்டில் பக்கம் திரும்பிச் சொன்னேன். கட்டிலில் மடிக்காத துணி கிடந்தது.

புரட்டாசி 18, திங்கள்

புழுக்கம். பழையது சாப்பிட்டேன். மாத்திரை போட்டேனா? தெரியாது.

இரண்டு நாளாக அந்தக் கண்ணாடியே கண்ணில் நிற்கிறது. ஒருத்தன் பொய் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொன்னான். இருந்தும் தப்பு.

புதன்கிழமை இந்தப் போனில் சொன்னதும் தப்பு. நான் சொன்னேன், கூட்டம் சிரித்தது, அப்போதுதான் சாலம்மாவை முதலில் பார்த்தேன் என்று சொன்னேன். ஐம்பது வருஷமாக எனக்குள் ஓட்டிக்கொண்டிருக்கும் வரிசை அது. ரீல் மாறியிருக்கிறது.

சரியாக ஓட்டிப் பார்க்கிறேன். மழை பெய்கிறது என்று சொன்னது முதல் ரீல். முடிந்ததும் லைட் போட்டார்கள். தட்டிக்கு அந்தாண்டை ஒருத்தி எழுந்து நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மழைக்காக இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். நீலச் சேலை. என்னைத்தான் பார்க்கிறாள். இவள்தான் ரத்தினத்துக்குப் பார்த்த பெண் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டு கொடுத்தவன் நான்தானே.

அதற்குப் பிறகு அத்தனை ரீலும் தட்டிப் பக்கம் பார்த்தே பேசினேன். கடைசி ரீல் வரவில்லை. மைக்கை எடுத்தேன். முதலில் அவளைப் பார்த்தேன். இன்னொரு தரம் சிரிக்க வைக்க வேண்டும். பிறகுதான் சொன்னேன்.

சொன்ன பிறகு பார்க்கவில்லை. பார்த்த பிறகு சொன்னேன்.

அவனைக் கெடுக்க நினைத்தேனா? இல்லை. சகுனம், தாய்மாமன், எதுவும் மனசில் இல்லை. ஆனால் அவளைத் தவிர வேறு எதுவும் மனசில் இல்லை. அந்த ஓட்டை வழியாக வந்து ஆடிய கை மட்டும் இப்போது தெளிவாகத் தெரிகிறது.

சாலம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பேன். முதல் ரீலில் என்னைப் பார்த்தாயா, இல்லை எனக்குப் பின்னால் மிஷின் ரூமையா?

புரட்டாசி 20, புதன்

நல்ல மழை. கொட்டாய்க்கு வராத மழை. முட்டி வலி அதிகம், பரவாயில்லை.

கலாவின் அண்ணன் லாரி ஓட்டுகிறான். தொப்பூர் வழிதான். பஞ்சர் கடையில் விசாரிக்கச் சொல்லியிருந்தேன். காலையில் போன் வந்தது. கலா ஸ்பீக்கரில் போட்டாள்.

"இருக்காருங்க மாமா. கட இப்ப அக்கா மகன் பாக்கறாராம். இவரு வாசல்ல டயர் மேல உக்காந்திருக்கார். கண்ணு மங்கல், காது நல்லா கேக்குது. உங்க பேரச் சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"மொதல்ல காத இந்தப் பக்கம் திருப்புனாருங்க. அப்புறம், மைக்குப் புடிச்சவனான்னாரு. ஆமான்னேன். கடைசி ரீலு வந்துச்சான்னு அவனக் கேளுன்னாரு. என்னங்க மாமா அது? லோடா?"

கலா போனை வாங்கிக்கொண்டாள்.

வெள்ளை வேட்டி எடுத்து வைத்தாயிற்று. தாடி மழித்தாயிற்று. நாளைக் காலை முதல் பஸ். தர்மபுரியில் மாற வேண்டும். கலா கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். "போயி என்ன சொல்லப் போறீங்க, படக் கதையா?" என்றாள். ஆமாம். கடைசி ரீலை முதலில் சொல்வேன். அவனுக்குக் கண் மங்கல், அதனால் மழை, மாடிப்படி, கண்ணாடி, எல்லாம் நன்றாகச் சொல்ல வேண்டும். அது முடிந்த பிறகு முதல் ரீலைச் சொல்வேன், நீலச் சேலையை. எழுந்து போகச் சொன்னால் போய்விடுவேன்.

அன்றைக்குக் கொட்டாயில் இருந்தவர்களை எண்ணிப் பார்த்தேன். மொதலாளி போய்விட்டார், சர்க்கரை. மாரி போய்விட்டான், பாம்பு. முறுக்கு விற்ற கோவிந்தன், டிக்கெட் கிழித்த வாத்தியார் தம்பி. சாலம்மாவின் தாய்மாமன், அத்தை. சாலம்மா. யார் கொன்றது என்று விசில் அடித்த அத்தனை வாயும் மண். என்னை விட்டால் ஒருத்தன்தான் பாக்கி.

ரத்தினம்.