உமியில் வடித்த எண்ணெய்

பாலக்கரை,
12-8-1961

அன்புள்ள அத்தானுக்கு,

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் நீங்கள் பற்றவைத்துக் கொடுத்த செம்புப் பாத்திரம் ஒழுகவில்லை. நெல் உமியை அமிலம் கலந்து அதில் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்தேன். “உமியில கஞ்சிகூட வராதும்மா” என்று கல்லூரியில் சிரித்த அருள்நாதன் சாரின் கண்ணெதிரே மஞ்சள் எண்ணெய் சொட்டியது. பாதாம் வாசனை. முகர்ந்து பார்த்துவிட்டு, “பிளாஸ்டிக்குக்குப் பிசின் செய்ய இதைத்தானேம்மா வெளிநாட்டுலேருந்து வரவழைக்கிறாங்க” என்றார். அந்த நிமிஷமே உங்களிடம் ஓடிவர வேண்டும்போல் இருந்தது.

இன்னும் ஆறு மாதம் நீங்கள் அங்கேயே இருக்க வேண்டுமென்று டாக்டர் எழுதியிருக்கிறார். இங்கே நேற்று மழை பெய்தது.

இந்த எண்ணெய் சில நாளில் கறுத்துவிடும். கறுத்ததை நீங்கள் பார்க்க வேண்டாம். நீங்கள் வரும்வரை வாரந்தோறும் புதிதாக வடித்து வைப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாத்தியாரம்மா