ஓடு வரை துருவிய தேங்காய்

மார்ச் 4

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லாரும் நலம். எல்லாரும் என்றால் நானும் தையல் மிஷினும்தான். நீங்கள் நலமாக இருப்பது உங்கள் துணியிலேயே தெரிந்தது.

போனில் கேட்டால், “லிஃப்ட்டுக்குள்ளே நிக்கிறேன், சரியா கேக்கலே” என்று நழுவிவிடுவீர்கள். லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டவள் அந்தச் சாக்கை மறுத்துப் பேசவும் முடியாது. அதனால் எழுதிக் கேட்கிறேன். பதிலும் எழுத்தில் வரவேண்டும்.

போன வாரம் லீவில் வந்தபோது கழற்றிப் போட்ட நீலச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். கிரீஸ் வாசனை வரவேண்டிய சட்டையில் வெனிலா வாசனை வந்தது. நீங்கள் இஸ்திரி போட்டால் காலர் ஒரு பக்கம் நாய்க்காது மாதிரி மடங்கி நிற்கும். இந்தக் காலர் கத்தி மாதிரி இருந்தது. அதோடு பேண்ட்டில் இடுப்பைத் தளர்த்தித் தரச் சொன்னீர்கள். நானும் பேசாமல் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். தனியாகப் பொங்கித் தின்கிற ஆம்பளைக்கு இடுப்பு பெருக்குமா?

நம் பெண் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது “வேணாம்மா” என்று நின்றாள். “இனிமே என் முகத்திலே முழிக்காதே” என்று அனுப்பினேன். இரண்டு வருஷம் ஆகப் போகிறது. அவள் பேச்சை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொன்னவளும் நான்தான். மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர். உங்களையும் யாராவது கொண்டுபோய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? பயமாக இருக்கிறது, அதனால்தான் கோபமாகக் கேட்கிறேன். யார் அவள்?

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 11

என் அன்பான எஜமானிக்கு,

கடிதம் கிடைத்தது. மூச்சு விடாமல் படித்தேன், நீ மூச்சு விடாமல் எழுதியிருந்ததால்.

வெனிலாவுக்குக் காரணம் தேங்காய் கஸ்டர்ட் பை. முன்னால் இந்தக் குடியிருப்பில் இருந்தவர் ஒரு சின்ன ஓவனை விட்டுவிட்டுப் போனார் என்று சொன்னேனே. அதில் செய்தது. நம்பிக்கை இல்லையென்றால் செய்முறையையே எழுதுகிறேன்.

நாலு முட்டை, இரண்டு கப் பால், முக்கால் கப் சர்க்கரை, அரை கப் மைதா, ஒரு கப் தேங்காய்த் துருவல், உருக்கிய வெண்ணெய் கால் கப், சிட்டிகை உப்பு, வெனிலா. எல்லாவற்றையும் ஒன்றாக அடித்து, வெண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, நூற்றெண்பது டிகிரியில் முக்கால் மணி நேரம் வைக்க வேண்டியதுதான். அடிக்கு மாவு பிசைந்து தேய்க்கிற வேலையே கிடையாது. மைதா தானாகவே கீழே இறங்கி அடியாக உட்காரும், தேங்காய் மேலே வந்து சிவக்கும், நடுவில் கஸ்டர்ட் நிற்கும். இவ்வளவு சுலபமான பலகாரம் உலகத்திலேயே இல்லை.

இந்த வாரம் ஆஸ்பத்திரியில் பெரிய லிஃப்ட் பாதியில் நின்றது. உள்ளே இரண்டு டாக்டர்கள். வெளியே வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டார்கள். வேறு யாரும் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை, போதுமா?

அன்புடன்,
உன் லிஃப்டுக்காரன்


மார்ச் 17

வீட்டுக்காரருக்கு,

அன்புள்ள என்று போடவில்லை, கவனிக்கவும்.

உங்களை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். வெந்நீர் வைத்தால்கூட அடிப்பிடிக்க வைக்கிற கை உங்கள் கை. “மைதா தானாகவே கீழே இறங்கி அடியாக உட்காரும்” என்பது உங்கள் வார்த்தை இல்லை. பக்கத்தில் ஒருத்தி நின்று சொல்லச் சொல்ல எழுதியது. சிட்டிகை உப்பாம்! வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று இன்றைக்கு வரை உங்களுக்குத் தெரியுமா?

எதற்கும் செய்து பார்த்துவிடலாம் என்று மாடிவீட்டு நர்ஸிடம் போனேன். அவளிடம் ஓவன் இருக்கிறது, அவளுக்கு நான் ஒரு கவுன் தைத்துக் கொடுக்க வேண்டிய பாக்கியும் இருக்கிறது, அதனால் மறுக்கவில்லை. நீங்கள் எழுதியபடியே செய்தேன். வந்தது பை இல்லை, கஞ்சி. தட்டைச் சாய்த்தால் மேஜை முழுக்க ஓடியிருக்கும்.

உடனே புரிந்துவிட்டது. உங்கள் ஆள் கெட்டிக்காரி. எதையோ ஒன்றை மறைத்துவிட்டுத்தான் செய்முறையைக் கொடுத்திருக்கிறாள், இது எனக்கு வரக்கூடாது என்று. நர்ஸ் வேறு மாதிரி சொல்கிறாள்: “அக்கா, நீங்க நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓவன் கதவைத் திறந்து பாத்தா எப்படி வேகும்?” பார்க்காமல் இருந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? பார்க்காமல் விட்டதால்தானே வீடு இந்த நிலைமைக்கு வந்திருக்கிறது.

ராத்திரி சாப்பிடவில்லை. கஞ்சியைக் கொட்டவும் மனசு வரவில்லை, சர்க்கரை விலை அப்படி.

உண்மையைச் சொல்லிவிடுங்கள். கத்த மாட்டேன். கொஞ்சம்தான் கத்துவேன்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் வீட்டுக்காரியாக இருக்கிறவள்


மார்ச் 24

என் எஜமானிக்கு,

எதையும் மறைக்கவில்லை. நர்ஸ் சொன்னதுதான் சரி. கதவைத் திறந்தால் சூடு போய்விடும், கஸ்டர்ட் இறுகாது. “திறந்து திறந்து பாத்திருப்பாங்க, பாக்காம அவங்களால இருக்க முடியாது” என்று இங்கே ஒரே சிரிப்பு.

இன்னொன்று. வெளியே எடுக்கும்போது நடுப்பகுதி லேசாகத் தளதளவென்று ஆட வேண்டும். அப்படியே தொடாமல் ஆற விட வேண்டும். ஆறினால்தான் இறுகும். அவசரப்பட்டுச் சூட்டோடு வெட்டினால் எதுவும் நிற்காது. கடைத் துருவல் வேண்டாம், காய் உடைத்துத் துருவு. ஓடு தெரிகிற வரைக்கும் துருவ வேண்டும், கறுப்புத் தோலும் சேர்ந்தால்தான் வறுத்த வாசனை வரும்.

எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை. எழுதக் கூடாது என்று இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நீ சாப்பிடாமல் இருக்காதே.

உன்
லிஃப்டுக்காரன்


மார்ச் 30

அன்புள்ள உங்களுக்கு,

“இங்கே ஒரே சிரிப்பு” என்று எழுதியிருந்தீர்கள். ஒற்றை ஆள் குடியிருப்பில் யார் சிரித்தது என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். கேட்பதற்கு முன்னால் தேங்காய் பற்றிய வரிகளை இன்னொரு தடவை படித்தேன்.

ஓடு வரைக்கும் தேங்காய் துருவுகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். “வெள்ளையா இருக்கிற வரைக்கும் போதும்டி, அழுக்கு மாதிரி தெரியுது” என்று எத்தனை தடவை தலையில் குட்டியிருப்பேன். “அதிலேதாம்மா ருசி” என்பாள். காலரை அப்படி இஸ்திரி போடக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். என் கைவேலையே என் கையில் இருந்திருக்கிறது, நான் அதை முகர்ந்து பார்த்து யாரோ ஒருத்தியைத் தேடியிருக்கிறேன்.

நேராக மாடிக்குப் போனேன். காய் உடைத்து ஓடு வரைக்கும் துருவினேன். ஓவனில் வைத்துவிட்டு, திறந்து பார்த்துவிடுவேன் என்று பயந்து கீழே வந்து மிஷினில் உட்கார்ந்துகொண்டேன். என்ன தைத்தேன் என்று தெரியாது, பாவாடைக்குக் கை வைத்துத் தைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆறும்வரை தொடவில்லை. நிமிர்ந்து நின்றது. அடி தனி, கஸ்டர்ட் தனி, மேலே பழுப்புப் பழுப்பாகத் தேங்காய். ஒரு துண்டை நின்றுகொண்டே தின்றேன். அழுகை வந்துவிட்டது. நர்ஸ் இனிப்பு அதிகமாகிவிட்டதோ என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

எவ்வளவு நாளாக அங்கே இருக்கிறாள்? என்ன செய்கிறாள்? ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, இல்லை உங்கள் இடுப்பு மட்டும்தான் பெருக்கிறதா? வேறு ஒருத்தி இருந்திருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரியும். பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து தெருவே பார்க்கக் கத்தியிருப்பேன். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உங்கள் மேல் கோபம் இருக்கிறது. அது என்னை ஏமாற்றியதற்கு இல்லை. அவள் அங்கே இருந்த நாளெல்லாம் நான் இங்கே தனியாக இருந்ததற்கு.

கல்யாணத்துக்கென்று அவளுக்கு நான் தைத்த உடுப்பு பீரோவிலேயே கிடந்தது. நேற்று எடுத்து முழுக்கப் பிரித்துவிட்டேன். துணி நல்ல துணி. வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற மாதிரி சட்டையாகத் தைக்கிறேன். ஆனால் என்னிடம் இருப்பது பழைய அளவு. தோள், மார்பு, கை நீளம், இடுப்பு எல்லாம் சரியாக எடுத்து எழுதச் சொல்லுங்கள். டேப்பை இறுக்கிப் பிடிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

நான் கேட்டதாகவே சொல்லலாம்.

அன்புடன்,
உங்கள் வீட்டுக்காரி


ஏப்ரல் 5

என் அன்பு மனைவிக்கு,

மழைக்காலத்தில் வந்தாள். ஹாஸ்டலில் காய்ச்சலாகக் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு நான்தான் கூட்டி வந்தேன். இங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, வருகிறவர்கள் முகத்துக்கு ஃபிரேம் பொருத்திக் கொடுக்கிறாள். உன்னிடம் சொல்ல ஒவ்வொரு லீவிலும் வாயைத் திறந்தேன். அவள் பேச்சை எடுக்கக் கூடாது என்று நீ சொல்லியிருந்ததால் மூடிக்கொண்டேன். அந்த நீலச் சட்டையை உன் கையில் படும்படி கழற்றிப் போட்டது மறதியில் இல்லை.

உன் கடிதத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் திறந்து பார்க்கவில்லை.

பிறகு அளவு எடுக்க டேப்பைக் கொண்டுபோனேன். வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டாள். “நீங்க எடுத்தாலும் நான் எடுத்தாலும் அம்மா நம்பப் போறதில்லேப்பா. மறுபடியும் அவங்கதான் அளந்து பாப்பாங்க. நானே வந்து நிக்கிறேன்” என்கிறாள்.

சனிக்கிழமை காலை வண்டிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன், இரண்டு பேருக்கும். தேங்காய் வாங்கி வை.

உன்
லிஃப்டுக்காரன்