குட்டைக் கொடுக்கு

ஆவணி இருபது, வெள்ளிக்கிழமை.

எனக்கு எழுத வராது. நான் பேசுதேன், போன் எழுதிக்கிடுது.

நண்டு மாதிரி கொடுக்கு வச்ச வெளிநாட்டு இறால் ஒரு வருசமா சிற்றாத்துல மீன் முட்டையெல்லாம் தின்னு என் பிழைப்பைக் கெடுக்குது. இன்னைக்கு வலையில மூணு கிடந்துச்சு. ரெண்டு பயந்து சுருண்டுக்கிட்டுது. ஒண்ணு மட்டும் என் விரலுக்குப் பாஞ்சுது. அதுக்கு இடது கொடுக்கு குட்டை. ஐந்தருவியில மச்சினன் வச்சிருந்த மீன்தொட்டிக் கடையில என்னைக் கவ்வினது இதேதான். மறப்பேனா?

தூக்கிட்டுப் போய் அவன் முன்னால வச்சேன். "இதை யாருலே ஆத்துல விட்டது?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "கடையை மூடும்போது கொல்ல மனசு வரல அத்தான்."

மீன் சிக்காத நாளெல்லாம் அவன்கிட்டதான் புலம்பினேன். அவனும் கூட உக்காந்து, "எவன் விட்டானோ, அவன் வெளங்குவானா அத்தான்"னு ஏசினான்.