திருத்தாமல் அனுப்பியது

டீச்சரம்மாவுக்கு,

நம் சண்டை நம்மோடு இருக்கட்டும். இது நம் மகளைப் பற்றி.

நேற்றுக் கட்டுரைப் பரீட்சையில் வெறும் தாளை நீட்டியிருக்கிறாள். பள்ளியில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். வீட்டுக்கு வந்ததும், "ஏன் கண்ணு எழுதல?" என்றேன்.

"தப்பு வந்துடும்ப்பா. அம்மாவுக்கு நான் போட்ட லெட்டரே முழுக்க சிவப்பு மையால திருத்தித்தானே திரும்பி வந்துச்சு."

இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவள் கேட்டதற்கு நீ ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லையே?

"முதல்ல மனசுல இருக்கறத எழுது, அப்புறம் திருத்திக்கலாம்" என்று கெஞ்சினேன். வெகுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு ஒரே வரி எழுதினாள். கீழே அப்படியே ஒட்டியிருக்கிறேன்.

'அம்மா, நீ எப்ப வறுவே?'

'று' தப்புதான். அது எனக்கே தெரிகிறது. நீ முதலில் பதிலை எழுது.

இப்படிக்கு,
அவள் அப்பா